ஒரே ஜமுக்காளம், எட்டு முகவரி!

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். 'பட்ஜெட் ஃபைனல்' என்று ஒரு ஃபைல் இருக்கும். பக்கத்திலேயே 'பட்ஜெட் ஃபைனல் நியூ'. அதற்குக் கீழே 'பட்ஜெட் ஃபைனல் லேட்டஸ்ட்'. அதையும் தாண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சேமித்த 'ரியல் ஃபைனல்'. நான்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு கமா. திங்கட்கிழமை காலை மேனேஜர் எதைத் திறப்பார்? சத்தியமாக நீங்கள் நினைத்ததைத் திறக்க மாட்டார்!

கூகிளுக்கும் தினமும் இதே தலைவலிதான். ஒரே சமாச்சாரம் நாலு முகவரியில் கிடக்கிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது? இதற்குப் பெயர் 'டூப்ளிகேட் கன்டென்ட்'. தமிழில் நகல் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வெப்சைட் வைத்திருக்கிற வியாபாரிகளைப் பயமுறுத்துவதற்கு இதை விடச் சிறந்த வார்த்தை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பூச்சாண்டி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதில் எனக்கென்ன வேலை என்கிறீர்களா? அடியேன் படித்தது பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, கடைகளின் வெப்சைட்டுகளுக்கும் எழுதிக் கொடுப்பதுண்டு. பத்திரிகைச் சன்மானம் டீ செலவுக்கு. கடைக்காரர்களின் செக் வீட்டு வாடகைக்கு. ஆகவே எந்தக் கடைக்காரர் வெப்சைட்டில் சிக்கல் என்றாலும் என் வீட்டு ஓனருக்கு அடிவயிறு கலங்கும்.

அப்படித்தான் பவானியிலிருந்து ஒருநாள் போன் வந்தது. ஜமுக்காள வியாபாரி. அறுபது வயது. கொஞ்ச வருடமாக வெப்சைட் வைத்து வெளியூருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, நம்மளுக்கு கூகிள்ல தண்டனை குடுத்துட்டாங்களாமுங்க!"

"தண்டனையா? யாரு ஐயா சொன்னது?"

"ஒரு கம்பெனிக்காரங்க போன் பண்ணுனாங்க. நம்ம வெப்சைட்டுல பூராவும் டூப்ளிகேட்டாம். அதான் தண்டனையாம். அதை எடுத்துவுட நாப்பத்தஞ்சாயிரம் ஆகுமுங்களாம்."

நாற்பத்தையாயிரம், அதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 53,100 ரூபாய் என்று என் பி.காம். மூளை தானாகக் கணக்குப் போட்டது. ஆனால் பெரியவருக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. குரல் கம்மியிருந்தது வேறு காரணத்தால்.

"முப்பத்தஞ்சு வருசமா இந்த வியாபாரம் பண்றனுங்க. ஒருநாள் ஒருத்தருக்குக் கள்ளச் சரக்கு குடுத்ததில்லை. என்னையப் பாத்து டூப்ளிகேட்டுன்னா எப்படிங்க தம்பி?"

அவர் வருத்தத்துக்கு நியாயம் இருக்கிறது. பவானி ஜமுக்காளம் கைத்தறிச் சரக்கு. புவிசார் குறியீடு வாங்கியது. 1985-ம் வருடத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமுக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். ஆனாலும் விசைத்தறியில் ஓட்டி, 'பவானி' என்று பெயர் சொல்லிப் பாதி விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. போலிகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த மனிதரைப் பார்த்து 'நீ போலி' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் தீபாவளி ஆர்டர்கள் வரவேண்டிய நேரத்தில்! அவரை நம்பித் தறியில் உட்கார்ந்திருப்பவை ஒன்பது குடும்பங்கள்.

"பணம் எதுவும் கட்டிடாதீங்க ஐயா, நேர்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

* * *

முதலில் அந்தத் 'தண்டனை' விவகாரத்தைப் பைசல் பண்ணிவிடுவோம்.

நகல் பக்கம் இருக்கிறது என்பதற்காகவே கூகிள் யாரையும் தண்டிப்பதில்லை. இது நான் சொல்வதில்லை. 2008 செப்டம்பரிலேயே கூகிள் தன் வெப்மாஸ்டர்களுக்கான பகுதியில் தெளிவாக எழுதிவிட்டது. அப்படி எழுதிப் பல வருடம் ஆகியும் பூச்சாண்டி மட்டும் ரிடையர் ஆகவில்லை. கூகிளில் வெப்ஸ்பேம் பிரிவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ் 2013 டிசம்பரில் ஒரு வீடியோவில் இன்னொரு கணக்குச் சொன்னார். இணையத்தில் இருப்பதில் 25 முதல் 30 சதவிகிதம் வரை நகல்தானாம். அத்தனைக்கும் தண்டனை என்றால் கூகிள் தேடுபொறியாக இருக்க முடியாது. மத்திய சிறையாகத்தான் இருக்க முடியும்.

அப்படியானால் என்னதான் நடக்கிறது? என் நண்பன் ஒருவன் கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது நாலு தரகர்களிடம் ஜாதகம் கொடுத்தான். நாலு ஜாதகத்திலும் கட்டங்கள் ஒன்று. போட்டோ ஒன்று. உத்தியோகம் மட்டும் ஒன்றில் 'அக்கவுன்டன்ட்', ஒன்றில் 'சீனியர் அக்கவுன்டன்ட்', ஒன்றில் 'நிதித்துறை', ஒன்றில் 'பிசினஸ்'! நாலும் ஒரே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் போலீஸுக்குப் போகவில்லை. ஒரே பையன்தான் என்று புரிந்துகொண்டு மூன்றை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கஷ்ட காலம், அவர்கள் எடுத்தது பழைய போன் நம்பர் இருந்த ஜாதகம். பயல் இந்தப் பக்கம் புது நம்பரில் காத்திருந்தான், காத்திருந்தான், காத்துக்கொண்டே இருந்தான்!

கூகிள் செய்வதும் அச்சு அசலாக இதேதான். ஒரே மாதிரியான பக்கங்களை ஒரு கட்டாகக் கட்டும். அதில் ஒன்றைப் பிரதிநிதியாக எடுக்கும். மற்றவற்றை ஓரம் கட்டும். எடுக்கப்பட்ட பக்கத்துக்குப் பெயர் 'கேனானிகல்'. சுத்தத் தமிழில் சொன்னால், 'இதுதான் சார் ஒரிஜினல்'.

தண்டனை இல்லை. ஆனால் எது ஒரிஜினல் என்று நாம் சொல்லாவிட்டால் மிஷின் சொல்லும். அது எப்போதும் நமக்குச் சாதகமாகச் சொல்லும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

* * *

"இத்தனை கோடிப் பக்கத்துல இதுவும் அதுவும் ஒண்ணுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் பெரியவர், காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. நல்ல கேள்வி.

1997-ல் ஆண்ட்ரே ப்ராடர் என்பவரும் சகாக்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்போது கூகிள் கம்பெனியே பிறக்கவில்லை, ஆல்டாவிஸ்டாதான் ராஜா. ஒரு பக்கத்தில் இருக்கிற வார்த்தைகளைப் பத்துப் பத்தாக வெட்டிக்கொள்வது. முதல் வெட்டு 1 முதல் 10-வது வார்த்தை வரை. இரண்டாவது வெட்டு 2 முதல் 11 வரை. அடுத்தது 3 முதல் 12... கூரையில் நாட்டு ஓடு ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி. இரண்டு பக்கங்களின் ஓடுகளில் எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்த்தால் காப்பி அடித்தவன் தப்ப முடியாது. நடுவில் நாலு வார்த்தையை மாற்றினாலும் மற்ற ஓடுகள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையில் 3 கோடிப் பக்கங்களைச் சலித்துப் பார்த்தார்கள்.

2007-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் இன்னொரு முறையை விவரித்தார்கள். முழுப் பக்கத்தையும் சுருக்கி 64 பிட் கொண்ட ஒரு கைரேகையாக்குவது. இரண்டு கைரேகைகளில் மூன்று பிட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கம். 800 கோடிப் பக்கங்களில் சோதித்துப் பார்த்தார்கள்.

பெரியவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பத்தரம் பதியற ஆபீசு மாதிரின்னு சொல்லுங்க" என்றார். இந்தக் கட்டுரையில் இதை விடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

* * *

பிறகு அவருடைய வெப்சைட்டின் 'சர்ச் கன்சோல்' கணக்கைத் திறந்தோம். இது கூகிள் இலவசமாகக் கொடுக்கிற வசதி. உங்கள் கடையைப் பற்றி கூகிள் என்ன நினைக்கிறது என்று அதில் தெரியும். (நம்மைப் பற்றி மேலதிகாரி என்ன நினைக்கிறார் என்று பார்க்க இப்படி ஒன்று இருந்தால்... வேண்டாம் சார், இல்லாததே நல்லது.)

அதில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. கூகிள் ஆட்கள் உங்கள் வெப்சைட்டைப் பார்த்து நிஜமாகவே நடவடிக்கை எடுத்திருந்தால், அந்தக் குற்றப்பத்திரிகை அங்கே இருக்கும். யாராவது 'உங்களுக்குத் தண்டனை' என்று போன் செய்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். திறந்தோம். பச்சை நிற டிக். பிரச்சினை எதுவும் இல்லை.

"பாருங்க ஐயா, உங்க பேர்ல எஃப்.ஐ.ஆரே இல்லை."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்தப் பச்சை டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வூட்டுல அம்மிணியைக் கூப்புட்டுக் காட்டோணும்" என்றார். காட்டினார்.

அப்புறம்தான் நிஜமான வில்லன் வந்தான்.

கடையில் இருப்பது 42 ரகம். ஆனால் கன்சோலில் நூற்றுக்கணக்கில் பக்கங்கள். எப்படி? கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு ரகத்தின் பக்கமும் பூட்டுப் போட்ட 'ஹெச்.டி.டி.பி.எஸ்.' முகவரியிலும் திறக்கிறது, பூட்டில்லாத 'ஹெச்.டி.டி.பி.' முகவரியிலும் திறக்கிறது. ஆச்சா, இரண்டு. இரண்டிலும் முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' போட்டாலும் திறக்கிறது, போடாவிட்டாலும் திறக்கிறது. நான்கு. கடைசியில் ஒரு சாய்கோடு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. எட்டு! நமக்கு எல்லாம் ஒரே கடை. மிஷினுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி முகவரி. 42-ஐ எட்டால் பெருக்கினால் 336. விலை குறைவிலிருந்து கூடுதல், கூடுதலிலிருந்து குறைவு என்று வாடிக்கையாளர் வரிசை மாற்றிப் பார்க்கிற வசதி வேறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேள்விக்குறி போட்டு ஒரு புது முகவரி. அது போக ஒவ்வொரு ரகத்துக்கும் 'பிரிண்ட்' எடுப்பதற்கென்று தனிப் பக்கம்.

இந்தப் பிரிண்ட் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அவர் கடையில் அதிகம் விற்கிற பெரிய சைஸ் கல்யாண ஜமுக்காளம். அதன் ஏராளமான முகவரிகளில் கூகிள் 'ஒரிஜினல்' என்று எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? பிரிண்ட் பக்கத்தை! யாரோ ஒரு கைத்தறி ஆர்வலர் தன் கட்டுரையில் அந்தப் பக்கத்தைச் சுட்டி லிங்க் கொடுத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பிரிண்ட் பக்கத்தில் படம் கிடையாது. விலை கிடையாது. 'வாங்க' என்கிற பட்டன் கிடையவே கிடையாது. தேடி வந்தவர்கள் நாலு வரி படித்துவிட்டு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"அடக் கெரகமே! கடைக்கு வந்தவங்கள குடோனுக்கு அனுப்பியிருக்குதுங்களா?" என்றார் பெரியவர். மிகச் சரி.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு விதத்திலும் சொல்லலாம். ஒரே பார்ட்டிக்கு லெட்ஜரில் 'முருகன் ஸ்டோர்ஸ்', 'முருகன் ஸ்டோர்', 'எம். ஸ்டோர்ஸ்' என்று மூன்று கணக்கு இருந்தால்? ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகும். ஆனால் அவன் எவ்வளவு பெரிய பார்ட்டி என்பது எந்த ஒரு பக்கத்திலும் தெரியாது. வெளியிலிருந்து வருகிற லிங்க்குகள்தான் இங்கே வரவு. அவை எட்டு முகவரிகளுக்குச் சிதறினால், கூகிள் அவற்றை ஒன்று சேர்க்கத்தான் பார்க்கும். நாமே ஒரே கணக்கில் வரவு வைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

'நகல் பக்கம் இருந்தால் கூகிளின் நேரம் வீணாகிறது, அதனால் உங்கள் கடை மறைந்துவிடும்' என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அது பத்து லட்சம் பக்கம் வைத்திருக்கிற கம்பெனிகளின் கவலை. நாற்பத்திரண்டு ஜமுக்காளக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

* * *

வைத்தியம் என்ன?

முதல் மருந்து, 301. இது ஐ.பி.சி. செக்‌ஷன் இல்லை சார்! 'கடை நிரந்தரமாக இந்த முகவரிக்கு மாற்றப்பட்டது' என்கிற போர்டு. எட்டு முகவரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற ஏழிலும் இந்தப் போர்டை மாட்டிவிட்டால் யார் எந்த வாசலில் வந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். கூகிளும் அதை நன்றாகவே மதிக்கும். 302 என்று அதற்கு ஒரு தம்பி உண்டு. அது 'தற்காலிகமாக' மாற்றப்பட்டது என்று சொல்லும். நிரந்தரமாக மாறினவர் 'லீவில் போயிருக்கிறேன்' என்று போர்டு மாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பெரியவரின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற ஈரோட்டுப் பையன் போனிலேயே கேட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். நாற்பத்தையாயிரம் ரூபாய் வேலை!

இரண்டாவது மருந்து, கேனானிகல் டேக். விலை வரிசை, பிரிண்ட் மாதிரிப் பக்கங்களை அழிக்க முடியாது; வாடிக்கையாளருக்கு வேண்டும். அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் 'நான் நகல், என் ஒரிஜினல் இன்ன முகவரி' என்று ஒரு வரி எழுதி வைத்துவிடலாம். 2009 பிப்ரவரியில் கூகிள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. ஜென்மப் பகையாளிகள் மூவரும் ஒரு மேடையில் உட்கார்ந்தார்கள் என்றால் நகல் தொல்லை எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த டேக் உத்தரவு அல்ல, சிபாரிசுக் கடிதம். மற்ற சாட்சிகளும் ஒத்துப்போனால்தான் கூகிள் கேட்கும். டேக்கில் ஒரு முகவரி, மெனுவில் வேறு முகவரி, சைட்மேப்பில் மூன்றாவது முகவரி என்று இருந்தால், அது நம்மை நம்பாமல் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டால் அதையும் சர்ச் கன்சோலில் பளிச்சென்று எழுதி வைத்துவிடும். அந்த மரியாதை அதற்கு உண்டு.

சிலர் அதிபுத்திசாலித்தனமாக, நகல் பக்கங்களை கூகிள் பார்க்கவே கூடாது என்று 'ரோபாட்ஸ்' ஃபைலில் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற சிபாரிசுக் கடிதத்தை அது எப்படிப் படிக்கும்? இன்னும் சிலர் எல்லாப் பக்கத்துக்கும் முகப்புப் பக்கம்தான் ஒரிஜினல் என்று டேக் போட்டுவிடுவார்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தாத்தாவின் ஆதார் நம்பரைக் கொடுக்கிற மாதிரி!

"தமிழ்ல ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு வெச்சிருக்கறமே, அது நகலுங்களா?" என்று கேட்டார் பெரியவர். இல்லை. முழுசாக மொழிமாற்றிய பக்கம் நகல் கணக்கில் வராது. இது தமிழ், அது ஆங்கிலம் என்று அடையாளம் காட்ட 'ஹெச்ரெஃப்லாங்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை வைத்தால் போதும்.

* * *

இப்போது அந்த 'தண்டனை' கம்பெனி. பெரியவர் அவர்கள் அனுப்பிய கொட்டேஷனை எடுத்துக் காட்டினார். முதல் ஐட்டம், தண்டனை நீக்கம். இரண்டாவது ஐட்டம்தான் பிரமாதம். '38 மாவட்டங்களுக்கும் தனித்தனிப் பக்கங்கள்.' அதாவது 'சேலத்தில் சிறந்த பவானி ஜமுக்காளம்', 'மதுரையில் சிறந்த பவானி ஜமுக்காளம்', 'தூத்துக்குடியில் சிறந்த...' என்று ஒரே பக்கத்தை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி 38 தடவை போடுவது. கடையோ ஒன்றே ஒன்று, பவானியில்!

கூகிளுக்கு நிஜமாகவே கோபம் வருவது இங்கேதான். தெரியாமல் விளைந்த நகல் வேறு. தேடுபொறியை ஏமாற்றவென்றே மொத்தமாக அடித்துக் குவிக்கிற நகல் வேறு. இந்த ஊர்ப் பெயர் விளையாட்டை 'டோர்வே' என்று பெயர் சொல்லியே கூகிளின் விதிகள் தடுக்கின்றன. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். சத்தில்லாத, ஒட்டிப்போட்ட பக்கங்கள் சரிந்தன. அமெரிக்காவில் தேடல்களில் சுமார் 12 சதவிகிதத்தில் மாற்றம் தெரிந்தது. 2024 மார்ச்சில், ஆள் எழுதினாலும் சரி, மிஷின் எழுதினாலும் சரி, தேடலில் இடம்பிடிக்க மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்களும் குற்றம் என்று விதியைக் கடுமையாக்கினார்கள்.

ஆக, இல்லாத தண்டனையை நீக்க முதல் ஐட்டம். நிஜத் தண்டனையை வரவழைக்க இரண்டாவது ஐட்டம். வியாபார மூளை என்றால் இதுவல்லவா!

* * *

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. இதற்கு எந்த டேக்கும் கிடையாது.

பெரியவர் தன் சரக்கைப் பெரிய ஆன்லைன் சந்தைகளிலும் விற்கிறார். அங்கே போட்டிருக்கிற ஐந்து வரி வர்ணனைதான் அவர் வெப்சைட்டிலும். எழுத்துப் பிசகாமல் அதே ஐந்து வரி. அவரிடம் வாங்கி விற்கிறவர்களும் அதையே போட்டுக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, யாரோ ஒரு விசைத்தறிப் புண்ணியவானும் அதே ஐந்து வரியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். இத்தனை பேர் ஒரே பாட்டைப் பாடும்போது கூகிள் யாரைக் காட்டும்? அனேகமாகப் பெரிய மைக் வைத்திருப்பவரை.

"நம்ம எழுதுனதுதானுங்களே முதல்ல?"

முதல்தான். ஆனால் முதலில் எழுதியவரைத்தான் முன்னால் காட்டுவேன் என்று கூகிள் யாருக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. காப்பி அடித்தவர் மேல் 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். கூகிளிடமே புகார் கொடுத்துத் திருட்டுப் பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்கச் சொல்லலாம். விசைத்தறிப் புண்ணியவானுக்கு அதைச் செய்தோம். ஆனால் நம்மிடம் வாங்கி விற்கிற நாலு பேர் மேல் புகார் கொடுத்தால் நாளைக்கு யாருக்கு விற்பது?

வழி ஒன்றுதான். அந்த ஐந்து வரியை அவர்களுக்கே விட்டுவிட்டு, வேறு யாராலும் எழுத முடியாததை நாம் எழுதுவது.

"ஐயா, உங்க ஜமுக்காளத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். 'என்னத்தைச் சொல்றது' என்று ஆரம்பித்தவர் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. தறிக் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். குழித்தறி. அகலமான ஜமுக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளுகிற நாடாவை மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இருவர் கைவேகமும் ஒன்றாக இருந்தால்தான் கோடு நேராக வரும். எந்தச் சாயம் முதல் அலசலில் கொஞ்சம் விடும், எந்த இடத்தில் காய வைக்கக் கூடாது, கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிறவர் என்ன அளவு கேட்க வேண்டும், அவரிடம் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சண்டை போடுகிற விஷயங்கள் என்னென்ன... அத்தனையும் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். தறியில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "நான் சொன்னேன்னும் எழுதிக்குங்க சாமி, வாசிங் மிசின்ல போட வேண்டாம்னு" என்றார். எழுதிக்கொண்டேன்.

42 ரகத்துக்கும் 42 விதமாக எழுதுவது என் பாடு. வாடகை கொடுக்க வேண்டுமே!

* * *

பலன் என்ன என்று கேட்பீர்கள். மறுநாளே கோடீஸ்வரர் ஆகவில்லை. பக்கங்களை கூகிள் மறுபடி வந்து பார்த்து முடிவை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. முதலில் பிரிண்ட் பக்கம் ஓரம் போனது. விலையும் படமும் உள்ள பக்கம் முன்னால் வந்தது. ஆர்டர் வரத் தொடங்கியது. 'பவானி ஜமுக்காளம்' என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால் இன்றைக்கும் பெரிய சந்தைகள்தான் மேலே நிற்கின்றன. ஆனால் 'கல்யாண மண்டபத்துக்கு ஜமுக்காளம் என்ன அளவு', 'ஜமுக்காளம் எப்படி அலசுவது' என்று தேடுகிறவர்களுக்குப் பெரியவர் கடை பதில் சொல்கிறது. பதில் சொன்ன கடையில் சரக்கு வாங்குவது மனித சுபாவம். தீபாவளிக்கு ஒன்பது தறியும் ஓடின. தண்டனை கம்பெனி இன்னும் இரண்டு தடவை போன் செய்ததாம். "எங்க மேல எப்.ஐ.ஆரே இல்லீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

உங்களுக்கோ, உங்கள் மாமாவுக்கோ, ஆபீஸுக்கோ வெப்சைட் இருந்தால் இரண்டு சோதனை சொல்கிறேன். காசு கிடையாது. முகவரியை 'டபிள்யூ'க்களோடும் இல்லாமலும், பூட்டோடும் பூட்டில்லாமலும் நாலு விதமாக அடித்துப் பாருங்கள். நாலும் கடைசியில் ஒரே முகவரியில் வந்து நிற்க வேண்டும். அடுத்து, உங்கள் பக்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எத்தனை பேர் அதே வாக்கியத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். கூட்டம் அதிகமாக இருந்தால் சண்டைக்குப் போவதற்கு முன்னால், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை எழுதிச் சேருங்கள். அது இல்லாத மனிதரே கிடையாது.

இந்தக் கட்டுரையையே நாளைக்கு வேறு பெயரில் வேறெங்காவது நீங்கள் படிக்க நேரலாம். தலைப்பை மாற்றியிருப்பார்கள், ஜமுக்காளத்தைப் போர்வை ஆக்கியிருப்பார்கள். பதற வேண்டாம். கேனானிகல் இங்கேதான் சார்!